வீட்டைச் சுற்றி நிற்பது என்ன மரம்? இலையிலிருந்து தொடங்குங்கள்

மரங்களைப் பார்வையிட்டு, எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று சொல்வது என் வேலை. தரைவீட்டுக்காரர்களும், அடுக்குமாடியின் கீழே சின்னதாகத் தோட்டம் போட்டிருப்பவர்களும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி "அண்ணே, இது என்ன மரம்?" என்று கேட்பார்கள். படத்தில் பெரும்பாலும் உள்ளங்கையில் வைத்த ஒற்றை இலைதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

ஒரு சிறு கிளையாக அனுப்புங்கள், இலைகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று தெரியட்டும். பூக்கட்டும், காய்க்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று காத்திருக்கவும் வேண்டாம். சிங்கப்பூரில் பல மரங்கள் நல்ல வெயிலும் மழையும் மாறி வந்த பிறகுதான் பூக்கும், இலையோ வருடம் முழுக்க இருக்கிறது.

முதலில் எது இலை என்று பார்க்க வேண்டும். காம்பு கிளையோடு சேரும் மூலையில் ஒரு சின்ன மொட்டு இருந்தால் அங்கிருந்து தொடங்குவதுதான் ஓர் இலை. கறிவேப்பிலையில் நாம் ஒரு இணுக்கு என்று உருவிப் போடுகிறோமே, அந்த முழு இணுக்கும் சேர்ந்து ஓர் இலை, அதிலிருக்கும் ஒவ்வொன்றும் சிற்றிலை. வேம்பும் அப்படித்தான், ஆனால் அதன் சிற்றிலை ஓரம் ரம்பம்போலப் பல் பல்லாக இருக்கும். கசக்கி முகர்ந்தால் இரண்டுக்கும் குழப்பமே வராது.

அடுத்து, கணுவில் இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்று பாருங்கள். இங்கே பல வீடுகளில் வேலியாக நிற்கிற, தளிர் செக்கச்செவேலென்று இருக்கும் செடி நாவல் இனத்தைச் சேர்ந்த கெலாட் ஓயில். இலைகள் எதிரெதிர். கத்தரித்துக்கொண்டே இருப்பதால் புதர் என்று நினைக்கிறோம், விட்டால் இருபது மீட்டர்கூடப் போகும், அதனால் மதிலை ஒட்டி நடும்போது யோசியுங்கள். பறவை போட்டு யாரும் நடாமலே முளைக்கும் காட்டு இலவங்கமும் இளஞ்சிவப்பாகத்தான் துளிர்க்கும், அதிலும் இலைகள் ஏறக்குறைய எதிரெதிர்தான். ஆனால் அதன் இலையில் அடியிலிருந்து மூன்று நரம்புகள் நீளவாட்டில் ஓடும், கசக்கினால் பட்டை வாசம் வரும். மூன்று நரம்பு இருந்தும் வாசமில்லை, இலை சொரசொரவென்று இருக்கிறது, ஊதாப் பூ என்றால் அது செண்டுடோக் புதர், அதன் பழம் தின்றால் நாக்கு கருநீலமாகிவிடும்.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று வைத்துக்கொள்ளலாம், அடுத்தது அப்படியில்லை. போங் போங் மரத்தை இங்கே சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் நிறைய வைத்திருக்கிறார்கள். பளபளப்பான பச்சைக் காய், கீழே கிடந்தால் மாங்காய் என்றே தோன்றும். இலைகளும் மாவிலைபோலக் கிளை நுனியில் கொத்தாக இருக்கும். ஆனால் இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும், மாவிலையிலிருந்து அப்படிப் பால் வராது, கசக்கினால் மாங்காய் வாசம் வரும். போங் போங் காய்க்குள் இருக்கும் பருப்பு இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு. செவ்வரளியும் மஞ்சள் அரளியும் இதே குடும்பம்தான், அவற்றிலும் பால், அவற்றிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பூசைக்குப் பூ வேண்டுமென்று அரளி வைப்பதை நான் தடுப்பதில்லை, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மட்டும் கைக்கு எட்டாத இடமாகப் பார்க்கச் சொல்வேன். யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று இறங்காமல் 995-ஐ அழையுங்கள், முடிந்தால் அந்தக் கிளையையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பால் வந்தாலே நஞ்சு என்றில்லை, பலாவிலும் பால்தான். அரசு, ஆல் வகைகளிலும் வரும். அவற்றின் நுனிக் குருத்தை ஒரு கூரான உறை மூடியிருக்கும், அது உதிர்ந்ததும் கிளையைச் சுற்றி மோதிரம்போல ஒரு தழும்பு நிற்கும். மைனா எச்சத்தில் விழுந்த விதை மதில் விரிசலிலோ கூரைத் தண்ணீர் ஓடும் குழாயிலோ முளைக்கும். அரச மரத்தை வெட்டக்கூடாது என்று பாட்டி சொன்னார் என்பார்கள். சரி, வெட்டாதீர்கள், விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு எடுத்து வேறு இடத்தில் வையுங்கள், வேர் சுவருக்குள் இறங்கிய பிறகு வந்து என்னைக் கூப்பிட்டால் மதிலையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கும்.

பெரிய மரமாக இருந்தால் அளவு நாடாவை எடுங்கள். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் போய், உங்கள் வீடு மரப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் இருந்தால், சொந்த நிலத்து மரமானாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. பெயர் உறுதியாகத் தெரியவில்லையென்றால் கழகத்தின் இணையத் தாவரத் தொகுப்பில் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள். எனக்கு அனுப்புவதாக இருந்தால் நான்கு படம் போதும்: முழு மரம், பட்டை, கிளையோடு இலைகள், ஓர் இலையின் அடிப்பக்கம்.