கேஷ்: தற்காலிகச் சேமிப்பா, தேக்ககமா?

"தற்காலிகம்தானே சார், தானா போயிடும்." தண்டையார்பேட்டையில் சர்வர் பராமரிப்பு கற்க வரும் பிள்ளைகள் இதைச் சொல்லிக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. குற்றம் அவர்களுடையதல்ல. அடிக்கடி வேண்டியதன் நகலைச் சட்டென எடுக்கும்படி பக்கத்தில் வைத்துக்கொள்ளும் இடம்தான் கேஷ் (cache). அதைத் 'தற்காலிகச் சேமிப்பு' என்று மொழிபெயர்த்து, அவர்கள் கைபேசியிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டோம்.

மூலம் பிரெஞ்சு. ஒளித்துவைப்பதைக் குறிக்கும் வினை. வட அமெரிக்கத் தோல் வேட்டைக்காரர்கள் உணவையும் சரக்கையும் மறைத்துவைத்த குழிக்கு அந்தப் பெயர். 1968இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 கணினியின் வேக நினைவகத்துக்கு அது வந்து ஒட்டிக்கொண்டது. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் வேறு சொல்.

இதில் 'தற்காலிகம்' எங்கே இருக்கிறது? சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் தற்காலிகக் கோப்புகளுக்கென்றே டெம்ப் (/tmp) என்று ஓர் அடைவு, அதாவது ஃபோல்டர், உண்டு. பல கணினிகளில் மறுபடி இயக்கினாலே அது காலியாகிவிடும். கேஷ் அடைவு வார் (/var) என்ற வேறோர் அடைவுக்குள் தனியாக இருக்கிறது. அதை யாராவது துடைத்தால்தான் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் படிப்பவன் எப்படிப் பிரித்தறிவான்?

விளைவைப் பாருங்கள். இணையதளம் ஒன்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குட்டிக் கோப்பை வட்டில் கேஷாக எழுதுகிறது, காலாவதி வைக்கவில்லை. லினக்ஸ் வட்டில் கோப்புகளை அடுக்கும் இஎக்ஸ்டி4 (ext4) முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோடு (inode), அதாவது கோப்பின் விவரத்தைப் பதியும் ஓர் இடம், வேண்டும். அந்த எண்ணிக்கை வட்டை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும். வழக்கமான அமைப்பில் 16 கிலோபைட்டுக்கு ஒன்று, 100 ஜிபி வட்டுக்குச் சுமார் 65 லட்சம். கோப்புகள் ஒன்றிரண்டு கிலோபைட்தான் என்றால் இடம் பெருமளவு மிச்சமிருக்கும்போதே ஐநோடு தீர்ந்துபோகும். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்', அதாவது வட்டில் இடமில்லை என்று பிழை வரும். மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளையோ பாதி வட்டு காலி என்று சொல்லும். அதையே 'ஐ' சேர்த்து (df -i) ஓட்டினால்தான் ஐநோடு 100 சதவீதம் தீர்ந்தது தெரியும். எந்த அடைவு அவற்றைத் தின்றது என்பதை டியூ (du) கட்டளை ஐநோடு கணக்கில் காட்டிக்கொடுக்கும். பழையவற்றை நாள் பார்த்து அழிக்கலாம். ஆனால் கேஷுக்கு ஆயுளும் உச்சவரம்பும் வைக்காதவரை அடைப்பு திரும்பவும் வரும். தானாகப் போய்விடும் என்று நம்பியவனுக்கு அந்த வரம்பை வைக்கத் தோன்றுமா?

சரி, வேறு என்ன சொல் வைக்கலாம்? 'பதுக்ககம்' மூலத்துக்கு நேர்மையான ஆக்கம். ஆனால் ரேஷன் அரிசிப் பதுக்கல் காதில் விழாமல் அதைச் சொல்ல முடியவில்லை. 'இடைமாற்று' எதையோ கொடுத்து எதையோ வாங்குவதுபோல் இருக்கிறது. தரவு போகும் வழியில் சற்று நிற்கும் இடமான பஃபருக்கு (buffer) வழங்கும் 'இடையக'த்தோடும் குழம்பும்.

நான் பயன்படுத்தும் சொல் தேக்ககம். புழல் ஏரி நமக்குத் தெரிந்த நீர்த்தேக்கம். தொலைவிலுள்ள பூண்டி ஏரியிலிருந்து வரும் நீர் நகரத்துக்குப் பக்கத்தில் நிற்பதால் குழாய்க்குச் சீக்கிரம் வருகிறது. கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. அதை நெருங்கினால் மதகைத் திறந்தாக வேண்டும், உபரி எண்ணூர்ப் பக்கம் போகும். அருகில் வைத்தல், அளவு, திறந்துவிட ஆள் என்று மூன்றும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. மூலம் வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது, இது நகல் என்ற பொருள் மட்டும் அதில் இல்லை. அந்தக் குறையை ஏற்கிறேன். தவறாக வழிகாட்டுவதைவிட ஒன்றைச் சொல்லாமல் விடுவது மேல்.

அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர்கள், நிரம்பிய வட்டு ஒன்றின் முன்னால் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பொத்தானில் 'தேக்ககத்தைக் காலிசெய்' என்று எழுதட்டும். 'தற்காலிகக் கோப்புகள்' என்பதை டெம்புக்கே விட்டுவிடட்டும்.