மினியேச்சர்: சிறுமையா, செம்மையா?

மலேசியாவில் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி வளர்ந்த பட்டணம் எதுவாக இருந்தாலும், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மினி மார்க்கெட் இருக்கும். மினி என்றால் சின்னது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அந்த மினி, மினியேச்சர் என்ற நீளமான சொல்லின் தலைப்பகுதி. வேடிக்கை என்னவென்றால், மினியேச்சரின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அங்கே ‘சின்னது’ என்ற பொருளே இல்லை; சிவப்புச் சாயம்தான் இருக்கிறது.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் என் அக்காள் மகன். எங்கள் ஊரான சிலிம் ரிவரில் அவனும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு படை திரட்டிக்கொண்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், ஒவ்வொரு சிப்பாயும் விரல் நுனி உயரம். 1942 ஜனவரி 7 விடியற்காலையில், பக்கத்து ஊரான துரோலாக்கில் தொடங்கி எங்கள் ஊர்ப் பாலத்தைத் தாண்டிப் போன ஜப்பான்–பிரிட்டிஷ் சண்டையை மேசைமேல் நிறுத்தி விளையாடுவதற்காக இந்த ஏற்பாடு. இந்தக் குட்டி உருவங்களைத்தான் மினியேச்சர் என்கிறார்கள். “மாமா, மினியேச்சருக்கு நல்ல தமிழ்ச் சொல் இருக்கா?” என்று கேட்டான். இருக்கிறது. ஆனால் முதலில் கைக்கு வருகிற சொல் அது அல்ல.

லத்தீனில் ‘மினியம்’ என்பது சிவப்பு நிறமி. காரீயத்தைக் காற்றுப்பட வறுத்தால் ஆரஞ்சு கலந்த சிவப்புப் பொடி கிடைக்கும். நம் அகராதிகள் சிந்தூரம் என்று சொல்லும் பொடிகளில் அதுவும் ஒன்று. அச்சு இயந்திரம் வருவதற்கு முன்பு ஐரோப்பிய மடாலயங்களில் கையால் புத்தகம் எழுதினார்கள் அல்லவா, அப்போது பத்தியின் முதல் எழுத்தையும் தலைப்பையும் இந்தச் சிவப்பால் தீட்டுவார்கள். அப்படித் தீட்டுவதற்கு ‘மினியாரே’ என்று பெயர். அதிலிருந்து இத்தாலிய மொழியில் ‘மினியத்தூரா’ வந்தது. ஏட்டில் வரைந்த ஓவியம் என்று பொருள். ஏட்டுக்குள் அடங்க வேண்டிய ஓவியம் சின்னதாகத்தானே இருக்கும்? போதாததற்கு, லத்தீனில் குறைவு, சிறிது என்ற பொருளில் ‘மினுஸ்’, ‘மினிமுஸ்’ என்று வேறு சொற்களும் இருந்தன. ஓசை ஒன்றுபோல இருந்ததால் இரண்டு குடும்பமும் கலந்துவிட்டன. சாயம் மறைந்தது, அளவு மட்டும் நின்றது. பிறகு இங்கிலீஷ்காரர்கள் அதன் தலையை மட்டும் வெட்டி மினி என்று ஆக்கினார்கள். அதுதான் நம் மினி மார்க்கெட்டின் பலகைவரை வந்து சேர்ந்திருக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். அகராதி வழியில் போகிறவர்கள் சிற்றுரு, நுண்ணுரு, குறும்பாவை என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் மூன்றும் அளவைத்தான் பிடித்துக்கொள்கின்றன. சாவிக்கொத்தில் தொங்கும் பிளாஸ்டிக் பிள்ளையாரும் சிற்றுருதான். அதை யாரும் மினியேச்சர் படையில் சேர்ப்பதில்லை. பொம்மை என்று சொன்னால் பையன்களுக்குக் கோபம் வருகிறது. கோபத்திலும் நியாயம் இருக்கிறது, சிறுபிள்ளை விளையாட்டு என்ற வாடை அந்தச் சொல்லில் அடிக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் மொத்த உழைப்பும் சாயம் தீட்டுவதில்தான் போகிறது. அந்தத் தீட்டலைச் சொல்லாத சொல் பாதிச் சொல்தான்.

திருக்குறளில் கல்லாமை அதிகாரத்தில், 407ஆம் குறளாக இது வருகிறது:

நுண்மாண் நுழைபுலம் இல்லான் எழில்நலம்
மண்மாண் புனைபாவை அற்று.

புனைபாவை! மண்ணால் அழகுபடச் செய்து புனைந்த பாவை. பாவை என்பது பொம்மையைவிட எடுப்பான சொல். கோயில்களில் விளக்கேந்தி நிற்கிறவள் பாவை விளக்கு. புனைதல் என்றால் அலங்கரிப்பது, உருவாக்குவது, ஓவியத்தில் வண்ணம் தீட்டுவது எல்லாம் அடங்கும். வண்ணப் பொருள் நான் வலிந்து ஏற்றியது அல்ல. நெடுநல்வாடையில் பிரிவால் வாடி அணிகலன் இழந்து கிடக்கும் அரசியை ‘புனையா ஓவியம்’ போல இருந்தாள் என்று புலவர் சொல்கிறார். கோடு மட்டும் இழுத்து, வண்ணம் ஏற்றாமல் விட்ட ஓவியம் என்று உரை சொல்வார்கள். அப்படியானால் பெட்டியைப் பிரித்ததும் சாம்பல் நிறத்தில் கொட்டுகிற சிப்பாய்கள் புனையாப் பாவைகள். தீட்டி முடித்தவை புனைபாவைகள். ஆங்கிலச் சொல் எந்தச் சாயத்தைத் தொலைத்ததோ, அது நம் சொல்லில் அப்படியே இருக்கிறது.

வள்ளுவர் புனைபாவையைப் பாராட்டிச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நுணுகிப் பார்க்கும் அறிவில்லாதவனுடைய அழகு மண்பொம்மையின் அழகு மாதிரி என்று திட்டுகிறார். சரித்திரச் சண்டைக்குப் படை சேர்க்கிறவர்கள் இந்தத் திட்டை மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிக்கொள்ளலாம். ஏனென்றால் இங்கே நுழைபுலம் இல்லாமல் தூரிகையை எடுத்தால் உடனே மாட்டிக்கொள்வோம்.

ஓர் உதாரணம். துரோலாக்கில் முதல் அடியை வாங்கிய, பிரிட்டிஷ் தரப்பின் இந்தியப் படைப்பிரிவின் பெயர் 4/19 ஐதராபாத், அதாவது 19ஆம் ஐதராபாத் ரெஜிமெண்டின் 4ஆம் பட்டாளம். பெயரைப் பார்த்ததும் தெலுங்கோ உருதோ பேசும் தக்காணத்து ஆட்கள் என்று நினைக்கத் தோன்றும். ஐதராபாத் நிஜாமின் பழைய படையிலிருந்து வந்த பெயர் அது. சண்டை நடந்த காலத்தில் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வட இந்தியாவின் குமாவூனிகள், ஜாட்டுகள், அகிர்கள். 1945இல் அந்த ரெஜிமெண்டுக்கே குமாவூன் என்று பெயர் மாறிவிட்டது. பஞ்சாப் பட்டாளம் என்றதும் எல்லாத் தலைக்கும் தலைப்பாகை கட்டுகிறவர்களும் உண்டு. அதில் சீக்கியர்களோடு பஞ்சாபி முஸ்லிம்களும் டோக்ராக்களும் தனித்தனிக் கம்பெனிகளாக இருந்தார்கள். ஸ்காட்லாந்து ஆர்கைல் பட்டாளத்துக்குக் கட்டம்போட்ட பாவாடை மாட்டிவிடுவது அடுத்த ஆசை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மலாயாவில் அவர்கள் காக்கி அரைக்கால் சட்டையில்தான் சண்டை போட்டார்கள்.

படை என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். இந்தப் பொழுதுபோக்கில் ‘ஆர்மி’ என்றால் ஒரு சண்டைக்காக, ஒரு விதிப்புத்தகத்தின் கணக்குக்கு ஏற்ப ஒருவர் சேர்த்துத் தீட்டி வைத்திருக்கும் பாவைகளின் மொத்தம். ‘என் ஆர்மி இன்னும் முடியவில்லை’ என்று சொல்வது அந்தப் பொருளில்தான். அதற்குப் படை என்றே சொல்லலாம், சேனை தானை என்று தேடிப் போக வேண்டாம். முன்னால் பாய்ந்து போகும் பிரிவுக்குப் பழந்தமிழில் தூசி அல்லது தூசிப்படை என்றும், பின்னால் வருவதற்குக் கூழை என்றும் பெயர்கள் இருக்கின்றன. எங்கள் ஊர்ச் சண்டைக்குத் தூசி என்ற சொல் தைத்துக் கொடுத்த சட்டை மாதிரி பொருந்துகிறது. அன்றைக்கு ஷிமாடா என்ற ஜப்பானிய மேஜரின் கீழ் இருபது டாங்கிகள் அளவில் காலாட்களையும் கூட்டிக்கொண்டு சடக்கிலேயே, அதாவது சாலையிலேயே, நேராக வந்தன. பிரிட்டிஷ் தரப்பிடம் மலாயாவில் ஒரு டாங்கிகூட இல்லை. சடக்கை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் ரப்பர் தோட்டத்துக்குள்ளே அப்படியே கிடந்தன. தடுப்பு போட்ட இடங்களை ஜப்பான்காரர்கள் அவற்றின் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிலிம் பாலத்துக்குப் பிரிட்டிஷ் தரப்பு வெடி வைத்திருந்தது, ஆனால் வெடிப்பதற்குள் ஜப்பான்காரர்கள் கம்பியை அறுத்துவிட்டார்கள். பாலத்தைத் தாண்டிச் சில மைல் போன பிறகுதான் ஒரு பிரிட்டிஷ் பீரங்கி தலைமை டாங்கியை அடித்து நிறுத்தியது. அதற்குள் சுமார் 19 மைல் போயிருந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் இரண்டு பிரிகேடுகள், அதாவது பல பட்டாளங்கள் சேர்ந்த பிரிவுகள், உருக்குலைந்தன. நான்கு நாளில், ஜனவரி 11 அன்று, கோலாலம்பூர் விழுந்தது.

அந்த 19 மைலை மேசையில் வைக்க முடியாது. பையன்கள் எடுத்திருக்கும் அளவு 1:72. ஆள் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர், ஐந்தரை மீட்டர் நீளமான ஜப்பானிய நடுத்தர டாங்கி ஏழரை சென்டிமீட்டர். அதே கணக்கில் சடக்கையும் விரித்தால் 400 மீட்டருக்கு மேல் போகும், தோட்டத்துப் பந்துத் திடலும் போதாது. அதனால் ஆளுக்கு ஓர் அளவு, தரைக்கு வேறோர் அளவு வைத்துக்கொள்கிறார்கள். முன்னதற்கு உருவளவு, பின்னதற்குத் தரையளவு என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அது உடனே ஒட்டிக்கொண்டது.

புனைகிற வேலையை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பாவையை நாணயம் அளவு அட்டைப் பீடத்தில் ஒட்டி, முதலில் கறுப்பு அடிப்பூச்சு. அதன்மேல் காக்கி. பிறகு நீர்த்த பழுப்புச் சாயத்தை ஒரே இழுப்பில் பூசுகிறான். அது தானாகவே இறங்கிச் சட்டை மடிப்பிலும் கால்பட்டையின் சுற்றிலும் தேங்கி நிழலாக மாறுகிறது. கண் வரைவதில்லை, இந்த அளவில் கண் வரைந்தால் எல்லாரும் பேய் பார்த்தவர்கள்போல முழிப்பார்கள். ரப்பர் பால்மரத்துக்கு, சாத்தே இறைச்சி குத்திச் சுடும் குச்சி. அளவு கச்சிதம், இந்த விகிதத்தில் 3 மில்லிமீட்டர் குச்சி ஓர் இளமரத்தின் தண்டு. மரத்தை நிரை பிடித்து நட்டு, பல்குத்தும் குச்சியின் நுனியால் சாய்வாக ஒரு வெட்டுக் கோடு, அதன் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் பால் வடிகிற மங்கு, அதாவது கிண்ணம். பெட்டியில் சிப்பாய்கள் மட்டுமே வருவதால் பால் வெட்டுகிற நம் ஆள் ஒருவரைக் கடையில் வாங்க வழியில்லை. துப்பாக்கியைச் சீவிவிட்டுக் கம்பியால் கத்தி வைத்து, ஒரு குமாவூன்காரனையே தோட்டத்து ஆளாக மாற்றியிருக்கிறான். சண்டைக் கணக்கில் அந்த ஆளுக்கு மதிப்பெண் எதுவும் கிடையாது. எனக்கு அந்த மேசையில் அதிகம் பிடித்ததும் அந்த ஆள்தான்.

சரி, விளையாட்டுக்கு என்ன பெயர்? ‘வார்கேம்’ என்பது ஜெர்மன் ‘கிரீக்ஸ்பீல்’ என்ற சொல்லின் நேர் பெயர்ப்பு. கிரீக் போர், ஷ்பீல் ஆட்டம். பிரஷ்யா என்ற பழைய ஜெர்மன் அரசில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தை 1812இல் நிலத்தோற்றத்தைத் துண்டு துண்டாக அடுக்கும் ஒரு மேசையை அரசருக்குச் செய்து கொடுத்தார். அதிகாரியாக இருந்த மகன் 1824இல் அதை 1:8000 வரைபடத்துக்கு மாற்றி, சிவப்பும் நீலமுமாகக் கட்டைகள் வைத்து, நடுவர் ஒருவரையும் உட்கார வைத்தார். அதைப் பார்த்த தளபதி முஃப்லிங் இது ஆட்டமல்ல, போர்ப் பயிற்சி என்று சொல்லிப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். சாயம் தீட்டிய உருவங்களை வைத்து ஆடுவது பிற்பாடு வேறு வழியில் வந்து சேர்ந்துகொண்டது.

போரையும் ஆட்டத்தையும் நாம் அப்படியே சேர்த்தால் போராட்டம் என்று வரும்! ‘ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் போராட்டம்’ என்று ஒருவன் கோப்பிக்கடையில் சொன்னால், பழைய தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் சம்பளப் பிரச்சினையா என்று கேட்டுவிடுவார்கள். களமாட்டம் என்றாலும் நிஜச் சண்டையின் நினைவுதான் வருகிறது. போர் விளையாட்டு பரவாயில்லை, ஆனால் கொஞ்சம் தளர்வு. என் ஓட்டு படையாட்டத்துக்கு. சதுரங்கம் என்ற பெயரே தேர், யானை, குதிரை, காலாள் என்ற நான்கு உறுப்புகொண்ட படையின் பெயர்தான். படையின் பெயரால் ஆட்டத்தை அழைப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல.

ஆக, மினியேச்சர் புனைபாவை, ஆர்மி படை, வார்கேம் படையாட்டம். பகடையும் பீடமும் ஏற்கெனவே நம்மிடம் இருப்பவை. கடையில் போய்ப் புனைபாவை கேட்டால் கிடைக்காது, அங்கே மினியேச்சர் என்றே கேளுங்கள். எழுதும்போதும் கூட்டாளிகளோடு பேசும்போதும் தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பழகினால் போதும். அந்த நீர்த்த பழுப்புச் சாயத்துக்கு அவர்கள் சொல்லும் ‘வாஷ்’ என்பதற்கு நிழற்பூச்சு என்று சொல்லிப் பார்த்தேன். “நல்லாத்தான் இருக்கு மாமா” என்றான், அப்புறம் திரும்பிப் பக்கத்துப் பையனிடம் வாஷ் எடுக்கச் சொன்னான்.