ஸ்கேன் நார்மல், அப்போ பையன் நடிக்கிறானா?

கிருஷ்ணகிரியில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள பிள்ளைகளுக்காக என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் பலர் ஒரு எம்.ஆர்.ஐ. கவரோடுதான் வருவார்கள். ஊத்தங்கரையிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் வந்து, கடன் வாங்கி எடுத்த ஸ்கேன். "நார்மல்னு எழுதியிருக்காங்க சார், அப்போ இவன் வேணும்னேதான் வேலைக்குப் போகாம இருக்கானா?" என்று அப்பா கேட்பார், அதுவும் பையனை வைத்துக்கொண்டே.

இல்லைங்க. மனச்சிதைவு நோயில் மூளையின் அமைப்பு மாறுவது உண்மைதான். 1976-லேயே மனநல மருத்துவர் ஈவ் ஜான்ஸ்டன் குழுவினர் சி.டி. ஸ்கேன் எடுத்து, நாள்பட்ட நோயாளிகளுக்கு மூளைக்குள் திரவம் நிற்கும் அறைகள் பெரிதாக இருப்பதைக் காட்டினார்கள். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் சற்றுச் சிறுத்திருப்பதும் பின்னால் தெரிந்தது. ஆனால் இதெல்லாம் நிறையப் பேரை ஒப்பிடும்போது கிடைக்கும் சராசரி வித்தியாசம். ஒரு தனி ஆளின் படத்தைப் பார்த்து இந்த நோய் இருக்கு, இல்லை என்று சொல்ல முடியாது. கட்டி, மூளைக்குள் நாடாப்புழுவின் இளம்புழு (லார்வா) மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் டாக்டர் ஸ்கேன் எழுதுகிறார். அந்த 'நார்மல்' அதற்கான பதில்.

யாரும் பேசாமலே காதில் கேட்கும் குரல் பலருக்கு மாத்திரையில் அடங்கிவிடும், வீட்டிலும் 'சரியாயிடுச்சு' என்று நினைத்துவிடுவார்கள். கவனம், உடனடி ஞாபகம், யோசிக்கும் வேகம் இவற்றில் உள்ள குறை அவ்வளவு லேசில் மாத்திரைக்கு மசியாது. பலருக்கு அது குரல் கேட்பதற்கு முன்பே, படிக்கிற வயதிலேயே தலைகாட்டியிருக்கும். காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டியில் நிற்கும் பையனிடம் எடை, விலை, லாரி நம்பர் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் மூன்றாவது வருவதற்குள் முதலாவது போய்விடும், அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு கத்தினால் (எரிச்சல் வருவது நியாயம்தான்) மிச்சமும் போய்விடும். ஒன்று ஒன்றாகச் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள், செல்போனில் அலாரம் வையுங்கள்.

அப்புறம், இந்த நோய்க்கான மாத்திரையால் வரும் கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிபெனிடில் மாத்திரையே ஞாபகத்தை மந்தமாக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக இன்னொரு ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை, எத்தனை வருட நோய் என்று 'ஐடியாஸ்' அளவுகோலில் மதிப்பிடுவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.