ஸ்மாக்: பனிப்புகையா, புகைப்பனியா?

ஸ்மாக் ஓர் ஒட்டுச்சொல். ஆங்கிலத்தில் புகையைக் குறிக்கும் 'ஸ்மோக்' என்பதன் தலையும், மூடுபனியைக் குறிக்கும் 'ஃபாக்' என்பதன் வாலும் சேர்ந்து பிறந்தது. நிலக்கரிப் புகை மூடுபனியோடு கலந்து, மேலே போக வழியில்லாமல் நகரத்தின் மீது நாள்கணக்கில் தங்கிவிட்டால் அதற்கு இந்தப் பெயர். தமிழில் பனிப்புகை, புகைப்பனி, புகைமூட்டம், நச்சுப்புகை என்று பல சொற்கள் புழங்குகின்றன. இவற்றில் எதை எடுப்பது என்று கேட்டால் நான் பனிப்புகை என்பேன். அதற்கான காரணம் லண்டனின் வரலாற்றில் இருக்கிறது.

சொல்லைப் பரப்பியவர் ஹென்றி அந்துவான் டெ வோ என்ற மருத்துவர். நிலக்கரிப் புகையைக் குறைக்கப் பாடுபட்ட ஒரு சங்கத்தின் பொருளாளர் அவர். 1905-இல் லண்டனில் நடந்த பொதுச் சுகாதார மாநாட்டில், கிராமப்புறத்தில் இல்லாத ஒன்று பெருநகரங்களில் உண்டாகிறது, அதுதான் புகை கலந்த மூடுபனி, அதாவது 'ஸ்மாக்' என்று பேசினார். செய்தித்தாள்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அவருக்கு முன்பே அச்சில் இந்தச் சொல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்திருக்கிறது. ஆனாலும் அதை மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் கொண்டுபோனவர் அவரே. 1909 இலையுதிர் காலத்தில் ஸ்காட்லாந்து நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததற்குப் புகை கலந்த பனிதான் காரணம் என்று 1911-இல் மான்செஸ்டரில் அவர் எடுத்துச் சொன்ன பிறகு சொல் நிலைத்துவிட்டது.

சொல்லுக்கு வயது நூற்றுச் சொச்சம். சிக்கலோ அதைவிட மிகப் பழையது. ஜான் ஈவ்லின் என்ற எழுத்தாளர் 1661-லேயே லண்டன் புகையைப் பற்றி இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு ஒரு சிறுநூல் எழுதி, புகை கக்கும் தொழில்களை நகரத்துக்கு வெளியே அனுப்பச் சொன்னார். அடுத்த ஆண்டே ஜான் கிரான்ட் என்ற வணிகர், வாராவாரம் அச்சான இறப்புப் பட்டியல்களை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். லண்டன் முன்பைவிட உடம்புக்கு ஆகாத ஊராகிவிட்டதற்கு நிலக்கரிப் புகையும் ஒரு காரணம் என்று எழுதினார். காற்று மாசு நகரவாசிகளை என்ன செய்கிறது என்பதை எண்களால் தேடிய முதல் முயற்சிகளில் ஒன்று இது.

பழைய ஆவணங்களில் தேட இறங்குகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். 1905-க்கு முந்தைய செய்தித்தாளிலோ மருத்துவ அறிக்கையிலோ 'ஸ்மாக்' என்று தேடினால் ஏறக்குறைய எதுவும் கிடைக்காது. அன்று அதன் பெயர் வெறும் 'ஃபாக்'. பேச்சில் 'லண்டன் பர்ட்டிகுலர்' என்பார்கள், மஞ்சள் நிறத்தை வைத்துப் 'பட்டாணி சூப்' என்பார்கள். இறப்புப் பதிவில் போய்ப் பார்த்தால் மூச்சுக்குழல் அழற்சி என்று இருக்கும். புகை என்ற சொல்லே எங்கும் வராது. 1873 டிசம்பரில் லண்டன் கால்நடைக் கண்காட்சியில் மாடுகள் மூச்சுத் திணறிச் செத்தபோதும் பழி பனிமேல்தான் விழுந்தது. முன்னாள் பிரதமரின் மகன் ரோலோ ரசல் 1880-இல் வெளியிட்ட சிறுநூலில், அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வந்த கடும்பனியில் மாண்டவர்களைச் சுட்டிக்காட்டி, வீட்டு அடுப்புகளில் எரியும் நிலக்கரியே முதன்மைக் காரணம் என்று வாதிட்டார். ஆலைப் புகைபோக்கிகளை மட்டும் குறைசொல்லிவிட்டுத் தங்கள் வீட்டுக் கணப்பை மறந்திருந்த ஊருக்கு அது பிடிக்காத செய்தி.

இந்தப் பழி மாற்றம் மிகக் கொடுமையாக வெளிப்பட்டது 1952-இல். டிசம்பர் 5 வெள்ளிக்கிழமை முதல் 9 செவ்வாய்க்கிழமை வரை லண்டன்மீது காற்றே அசையவில்லை. வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். அந்த நாள்களில் தரையோரம் குளிர்காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றும் படிந்து, பானையை மூடியால் மூடியதுபோல் ஆகிவிட்டது. குளிருக்கு எல்லா வீட்டிலும் கணப்பு எரிந்தது. போருக்குப் பிந்தைய நெருக்கடியில் நல்ல கரி ஏற்றுமதிக்குப் போக, மக்களுக்குக் கிடைத்தது கந்தகம் மிகுந்த மட்டரகக் கரி. நகரத்துக்கு உள்ளேயே இருந்த மின்நிலையங்களும் நிற்கவில்லை. கரியிலிருந்து வந்த கந்தக டை ஆக்சைடு பனித்துளிகளில் கந்தக அமிலமாக மாறியது. மக்கள் மூச்சில் இழுத்தது அதைத்தான். தங்கள் கால் தங்களுக்கே தெரியாமல் நடந்தார்கள், பேருந்துகள் நின்றன, அரங்குக்குள்ளும் புகை புகுந்ததால் ஓர் இசை நாடகம் பாதியில் நிறுத்தப்பட்டது. ஊரில் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்பது பலருக்கு உறைத்தது, சவப்பெட்டியும் மலர்வளையமும் தட்டுப்பாடு ஆனபோதுதான்.

அரசுத் தரப்புக் கணக்கு சுமார் 4,000 இறப்பு. அந்த டிசம்பரோடு அது நிற்கவில்லை. 1953 மார்ச் வரை லண்டனில் இறப்புகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருந்தன. அவற்றை இன்ஃபுளுவென்சா காய்ச்சல் கணக்கில் எழுதினார்கள். அரை நூற்றாண்டு கழித்து மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பழைய பதிவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அந்தக் காய்ச்சலால் அதில் ஒரு சிறு பங்கைத்தான் விளக்க முடியும், மொத்த இறப்பு 12,000 வரை இருக்கும் என்று காட்டினார்கள். எனக்குக் காற்று மாசு ஆய்விலேயே மிக முக்கியமான வேலை இதுதான். ஒவ்வொரு எண்ணும் ஓர் ஆள். அந்த ஆளின் சாவுக்கு உண்மையான காரணத்தை 50 ஆண்டு கழித்தாவது எழுதியது பெரிய நியாயம். 1952-இன் சாவுகளுக்கு அப்புறம் வந்தது 1956-இன் தூய காற்றுச் சட்டம். வீட்டு அடுப்பையும் கட்டுப்படுத்தத் துணிந்த சட்டம் அது. ரோலோ ரசல் சொல்லி 76 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இறந்தவர்களை எண்ணுவதோடு ஆய்வு முடியவில்லை. 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த பிரிட்டன் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், கரி அதிகம் எரிந்த பகுதிகளில் வளர்ந்தவர்களுக்கு நெஞ்சுச்சளி நோய்கள் கூடுதலாக வந்தது 1966-இல் வெளியானது. முதல் உலகப் போர்க்காலப் படைவீரர்களின் உயர அளவுகளை எடுத்து, கரிப்புகை மிகுந்த மாவட்டங்களில் வளர்ந்தவர்கள் குட்டையாக இருந்ததைக் கண்டவர்கள் உண்டு. 1952-இல் கைக்குழந்தைகளாக லண்டனில் இருந்தவர்களை முதுமையில் விசாரித்து, ஆஸ்துமா அவர்களிடம் கூடுதலாக இருப்பதைக் கண்டவர்களும் உண்டு. இன்னொரு ஆய்வு என்னை வெகுவாக யோசிக்கவைத்தது. இங்கிலாந்தின் 70 நகரங்களுக்குப் பழைய நில அளவை வரைபடங்களில் ஆலைப் புகைபோக்கிகள் எங்கெங்கே குறிக்கப்பட்டிருக்கின்றன என்று எடுத்து, காற்றின் திசையோடு பொருத்தினார்கள். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். ஆகவே புகை கிழக்கே போனது, வசதியுள்ளவர்கள் மேற்கே போனார்கள், ஏழைகள் கிழக்கில் தங்கினார்கள். புகைபோக்கிகள் போன பிறகும் அந்தப் பிரிவினை பல ஊர்களில் கலையவில்லை.

சரி, இனி தமிழுக்கு வருவோம். தமிழ்த் தொடர்ச்சொற்களில் பொருளின் தலைமை பெரும்பாலும் பின்சொல்லில் இருக்கும். தேங்காய்ப்பால் பால்வகை, பால்தேங்காய் என்றால் அது தேங்காய்வகை ஆகிவிடும். அந்த முறையில் புகைப்பனி என்பது ஒருவகைப் பனி, பனிப்புகை என்பது ஒருவகைப் புகை. லண்டன்வாசிகள் முந்நூறு ஆண்டு செய்த தவறே இதைப் பனி என்று நினைத்ததுதான். பனி வானிலை, யாரும் பொறுப்பில்லை. புகை யாரோ மூட்டிய தீ. நோய் தருவது புகை என்பதால் சொல்லின் தலைமையும் புகையிடம் இருக்கட்டும். போதாக்குறைக்கு, பனி என்று தனியாகச் சொன்னால் தமிழில் மார்கழிக் காலைப் பனித்துளியும் வரும், இமயமலைப் பனியும் வரும். புகைப்பனி என்று படிக்கும் சிறுவன் எதை நினைத்துக்கொள்வான்?

புகைமூட்டம் நல்ல சொல். 'மூட்டம்' என்பதில் மேலே கவிந்து மூடும் பொருள் இருப்பதால் 1952-இன் காற்றுமூடியை அது அழகாகவே காட்டுகிறது. ஆனால் குப்பைமேடு எரிந்தாலும் காட்டுத்தீ பிடித்தாலும் அதையே சொல்கிறோம், ஆகையால் குறிப்பாகச் சுட்ட வேண்டிய இடத்தில் போதாது. நச்சுப்புகைக்கும் இதே குறை, ஆலை விபத்தில் கசியும் வாயுவையும் அது குறித்துவிடும். புகார் என்றொரு பழைய சொல்லும் உண்டு. அகராதிகள் மூடுபனி, மங்கல் என்ற பொருளையும் தருகின்றன. இன்று எழுதினால் காவல்நிலையத்தில் கொடுப்பதாகத்தான் படிப்பார்கள், எனவே அதை விட்டுவிடலாம். போகி விடியலில் கொளுத்தும் புகை மார்கழிக் கடைசிப் பனியில் சிக்கிச் சென்னை விமானங்கள் தாமதமாகும்போது, அதைப் பனிப்புகை என்றே தயங்காமல் எழுதலாம்.

ஒரே ஓர் இடத்தில் பனிப்புகை பொருந்தாது. 1943-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைக் கண்ணெரிச்சலோடு மூடியதையும் ஸ்மாக் என்றே அழைத்தார்கள். அங்கே கரியும் இல்லை, மூடுபனியும் இல்லை. வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று வேதியியலாளர் அரி ஹாகன்-ஸ்மிட் 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். அதற்கு வெயில்தான் தேவை என்பதால் பனியை எடுத்துவிட்டு ஒளிவேதிப்புகை என்று எழுதுவதே சரி.