எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறீர்களா? எந்த இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்று பாருங்கள்

நேபாளத்துக்கு டிரெக்கிங் கிளம்புகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் மலையில் உயரே போனால் வரும் உயர நோய்க்கு மாத்திரை எழுதி வாங்கத்தான் வருகிறார்கள். நான் முதலில் கேட்பது பயணத் திட்டத்தை. அந்தத் தாளை மேசையில் வைத்து, ஒவ்வொரு இரவுக்கும் நேரே அந்த ஊரின் உயரத்தை பென்சிலால் எழுதுவேன். ரத்த அழுத்தம் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான்.

இந்தப் பழக்கம் ஒரு நோயாளியால் வந்தது. வயது முப்பத்து நான்கு, மாரத்தான் ஓடுகிறவர். லீவு குறைவு என்பதால் பயண ஏற்பாட்டாளர் ஓய்வு நாட்களை எடுத்துவிட்டுத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். லுக்லாவில் விமானம் இறங்கிய அன்று பாக்டிங், மறுநாள் நாம்சே பஜார், அடுத்து தெங்போசே, திங்போசே, ஐந்தாம் இரவு லொபுசே. நாம்சே 3,440 மீட்டர், லொபுசே 4,940 மீட்டர். மூன்றே நாளில் 1,500 மீட்டர் ஏறிவிட்டார்.

திங்போசேயிலேயே தலைவலி. கூட வந்தவர்களுக்குத் தன்னால் தாமதமாகிவிடக் கூடாது என்று யாரிடமும் சொல்லாமல் வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். லொபுசேயில் இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்து வரும்போது கைடு கவனித்திருக்கிறார்: வலது ஷூவை இடது காலில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே ஒரு காலின் குதியை இன்னொரு காலின் விரலோடு ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னாராம். நாலாவது அடியில் தடுமாறிச் சுவரைப் பிடித்துவிட்டார். விடியட்டும் என்று அந்தக் கைடு காத்திருக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அன்றிரவே ஃபெரிசேக்கு இறக்கிவிட்டார். அவர் உயிரோடு என் எதிரே உட்கார்ந்திருந்ததற்கு அந்த முடிவுதான் காரணம்.

"தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன் டாக்டர், எனக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார். ஓடிப் பழகிய உடம்பு மலையேறக் கண்டிப்பாக உதவும். உயர நோயிலிருந்து மட்டும் அது காப்பாற்றாது. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. 5,364 மீட்டரில் இருக்கும் பேஸ் கேம்பில் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். உடம்பு இதற்குப் பழக நாள் வேண்டும். நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அந்த நாளைக் கொடுப்பதில்லை. அதனால் அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை.

கணக்கு எளிது. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், முந்தைய இரவு தூங்கிய உயரத்தைவிட அடுத்த இரவு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே ஊரில் இரண்டு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும் சரி, தூங்குவதற்குக் கீழே வந்துவிட வேண்டும். நாம்சேயில் தங்கும் இரண்டாம் நாள் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. 3,800 மீட்டர் வரை நடந்து எவரெஸ்ட்டைப் பார்த்துவிட்டு மாலையில் நாம்சேக்கே திரும்பலாம். திங்போசேயிலும் அப்படியே. இந்த இரண்டு நாட்களைச் சேர்த்தால் லொபுசே ஏழாம் இரவுக்குப் போகும். அந்த மனிதரின் திட்டத்தில் விட்டுப்போனது இந்த இரண்டு நாள்தான்.

பல திட்டங்களில் காகிதத்தில் இந்த நாட்கள் இருக்கும், மலையில் காணாமல் போய்விடும். லுக்லா விமானம் வானிலையால் ரத்தாவது சாதாரணம். சீசனில் பல விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாமல், நாலைந்து மணி நேரம் சாலையில் போக வேண்டிய ராமேசாப்பிலிருந்து கிளம்பும். அங்கே இரண்டு நாள் மாட்டிக்கொண்டால், ஊர் திரும்பும் டிக்கெட்டை நினைத்து நாம்சே ஓய்வு நாளை வெட்டிவிடுகிறார்கள். ஆகவே விமானத்துக்கென்று தனியாக இரண்டு மூன்று நாட்களை உபரியாக வையுங்கள். அக்டோபர் நல்ல பருவம்தான் என்றாலும் தேதியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். 2014 அக்டோபரில், அதே நல்ல பருவத்தில், ஹுட்ஹுட் புயலின் மிச்சம் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாக இறங்கி, தோராங் லா கணவாய்ப் பக்கம் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, அசதி, தலைச்சுற்றல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் வேறு காரணம் உறுதியாகும் வரை உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மேலே ஏற வேண்டாம். கூடினால் இறங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ நேரம் பார்க்காமல், தனியாக விடாமல், உடனே இறக்க வேண்டும். முன்னது நுரையீரலிலும் மற்றவை மூளையிலும் நீர் கோப்பதன் அடையாளம். ஃபெரிசேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் 1973 முதல் சீசன்தோறும் இயங்குகிறது. பிற்பகலில் உயர நோயைப் பற்றி அங்கே பேசுவார்கள். அந்தப் பக்கம் போனால் போய் உட்காருங்கள், நான் இங்கே சொல்வதைவிட அங்கே கேட்பது மனதில் ஏறும்.

உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை உதவும். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல்கள் மரத்துப்போகும், சிறுநீர் அதிகம் போகும், சோடா சப்பென்றிருக்கும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாத்திரை போட்டாயிற்று என்று ஓய்வு நாளை விட்டுவிடாதீர்கள், அதற்கு இது மாற்றில்லை. தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டவே வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் அதை இரவில் உறைந்துவிடாமல் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை டிரெக்கிங்கும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

உங்கள் மூட்டையைத் தூக்கி வரும் போர்ட்டரையும் பாருங்கள். அவர் மலை நாட்டுக்காரர், அவருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். பலர் தாழ்வான மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், அவர்களுக்கும் இதே நோய் வரும். கூலி போய்விடுமோ என்று உங்களைவிட அதிகமாக மறைப்பார்கள். காலையில் கைடிடம் கேட்கும்போது அவருக்கும் சேர்த்துக் கேளுங்கள், அவருக்குக் காப்பீடு இருக்கிறதா என்பதைக் கிளம்பும் முன்பே.

போன வாரம் ஒரு தம்பதி வந்தார்கள், இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, மொத்தம் எட்டு நாள்தான் லீவு. கையில் பேஸ் கேம்ப் திட்டம். உயரங்களை எழுதிக் காட்டியதும் அந்த அம்மாவே "இது நடக்காது" என்றார். பேசிப் பேசி மாற்றினோம்: காத்மாண்டுவில் சுயம்புநாத்தும் பக்தபூரும், பொக்காராவில் ஃபேவா ஏரி, அங்கிருந்து கோரேபானி வரை நடை. கோரேபானியில் தூங்கும் உயரம் 3,000 மீட்டருக்குள்தான். விடியற்காலையில் 3,210 மீட்டர் பூன் ஹில் ஏறினால் தவளகிரியும் அன்னபூர்ணாவும் எதிரே நிற்கும். வழியில் உல்லேரியில் கல்படிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அதனால் இப்போது அவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது முழங்காலுக்கான பயிற்சியும், ஆளுக்கு இரண்டு கைத்தடியும்.