அடைக்கோழியை விரட்டும் முன், அது என்ன கோழி என்று பாருங்கள்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் கால்நடை மருந்தகத்தில் இரண்டு கேள்விகள் மாறி மாறி வரும். "சார், நாலு நாளா கூடையை விட்டு எழுந்திருக்கல, தீனி எடுக்கல, கையை நீட்டினா சிலிர்த்துக்கிட்டு கொத்த வருது. என்ன நோய்னு பாருங்க" என்பது ஒன்று. "நாட்டுக்கோழின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. முட்டை நல்லா வைக்குது. ஆனா வருசம் ஆச்சு, அடைக்கே உட்கார மாட்டேங்குது" என்பது மற்றது. பெரும்பாலும் முதல் கோழிக்கு நோய் இருக்காது. இரண்டாவது கோழி நாட்டுக்கோழியாகவே இருக்காது.

பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்து முடித்ததும் நாட்டுக்கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறும். அது ஏற ஏற சினைப்பை சுருங்கி முட்டை நின்றுவிடும். அடிவயிற்றில் இறகு உதிரும். அந்தச் சூடான தோலில் முட்டை படப்படச் சுரப்பு இன்னும் கூடும். கூடையில் முட்டை சேர்ந்து கிடந்தால் அடை கெட்டிப்படுவதும், தினமும் எடுத்துவிட்டால் தள்ளிப்போவதும் இதனால்தான். இருட்டான மூலை, நீளும் பகல், கூடும் வெக்கை எல்லாம் இதற்குத் துணை.

நோயா, அடையா என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். அடைக்கோழி கையைக் கண்டதும் உப்பி, இறக்கையை விரித்து, அடிக்குரலில் உறுமும். கண் தெளிவாக இருக்கும். நாளுக்கு ஒருமுறை இறங்கி, அள்ளி விழுங்கி, தண்ணீர் குடித்து, நாற்றமடிக்கும் பெரிய எச்சமாக ஒரே தடவை போட்டுவிட்டு, கால் மணி நேரத்தில் திரும்பிவிடும். நோய்க்கோழிக்கு இந்தக் கோபம் இருக்காது. தொட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும், எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகவோ தண்ணீராகப் போகும். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: முட்டை அடைத்துக்கொண்ட கோழி. அது கூடையில் நிம்மதியாக உட்காராது. பென்குயின் மாதிரி நிமிர்ந்து நின்று, வாலை ஆட்டி ஆட்டி முக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். விரலை விட்டு உள்ளே முட்டையை உடைக்கும் வேலை மட்டும் வேண்டாம். ஓடு குத்திவிட்டால் அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம்.

இனத்துக்கு வருவோம். நம் ஊரில் 'நாட்டுக்கோழி' என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒரே சரக்கு இல்லை. சிறுவிடை, பெருவிடை, அசில், கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழி, குட்டைக்கால் கோழி ஆகியவை நம் மண்ணில் வழிவழியாக வளர்பவை. அடுத்த வரிசையில் புறக்கடைக்கென்றே ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய ரகங்கள்: ஐதராபாத்திலிருந்து வந்த வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரின் கிரிராஜா, சென்னை நந்தனத்தின் நந்தனம் கோழி. இவை தரமான கோழிகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முட்டைக்கும் எடைக்குமாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்க்கும்போது, அடை உட்காரும் குணம் பெரும்பாலும் கழிந்துவிடும். அடை உட்காரும் நாளெல்லாம் முட்டை இல்லாத நாள்தானே. வனராஜா போன்றவை கலப்பில் பிறந்தவை என்பதால், அவற்றின் முட்டையை வேறு கோழிக்கு வைத்துப் பொரித்தாலும் அடுத்த தலைமுறை தாய் மாதிரி இருக்காது. ஒன்று பெருக்கும், ஒன்று சிறுக்கும், முட்டையும் குறையும்.

மூன்றாவது வரிசைதான் ஏமாற்று. பண்ணையில் முட்டைக்காலம் முடிந்து கழித்துக்கட்டிய பழுப்புநிறக் கோழிகள் சந்தையில் 'நாட்டு வெடை' ஆகிவிடுகின்றன. அலகைப் பாருங்கள். மேல் அலகின் நுனி மழுங்கலாக வெட்டியிருந்தால் அது பண்ணையில் வளர்ந்தது. திருவிழாக் கடைத்தெருவில் பச்சை, ரோஸ் சாயம் ஏற்றி விற்கும் குஞ்சுகளோ, பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். அதை வளர்த்து முட்டைக்குக் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

நிறத்தை வைத்து இனம் சொல்வதுதான் பொதுவாக நடக்கும் தப்பு. சேவல் வளர்ப்பவர்கள் சொல்லும் காகம், வல்லூறு, மயில் எல்லாம் நிறத்துக்கும் சாயலுக்குமான பெயர்கள். இனம் தெரிய எலும்பையும் கொண்டையையும் காலையும் பார்க்க வேண்டும். சிறுவிடைப் பெட்டை ஒன்று, ஒன்றரை கிலோவைப் பெரிதாகத் தாண்டாது. உடல் தாழ்ந்து, கட்டாக இருக்கும். நாய் துரத்தினால் முருங்கை மரத்தில் ஏறிவிடும். பெருவிடை அதைவிட உயரம், கால் நீளம். அசிலை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்: நிமிர்ந்த நெஞ்சு, தடித்த கால், உள்ளடங்கிய கண்மேல் துருத்தும் புருவம், பட்டாணி போல் சிறுத்த கொண்டை, இருப்பதே தெரியாத தாடி, உடம்போடு ஒட்டிய கடினமான இறகு. பண்ணைகளில் முட்டைக்கு வளர்க்கும் வெள்ளை லெக்கார்னுக்குக் காதுமடல் வெள்ளை, பெட்டையின் பெரிய ஒற்றைக் கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும். கிராப்புக் கழுத்து மட்டும் ஏமாற்றக்கூடிய அடையாளம். அது ஒரே ஒரு மரபணுவின் வேலை, எந்தக் கலப்பிலும் வந்துவிடும். இறகு குறைவதால் வெக்கையை நன்றாகத் தாங்கும் என்பது வேறு விஷயம்.

கடக்நாத் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். மத்தியப் பிரதேசம் ஜாபுவா பகுதிக் கோழி அது. 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருப்பு இறகு உள்ள கோழி எல்லாம் கடக்நாத் இல்லை. வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள், நெஞ்சு இறகை விலக்கித் தோலைப் பாருங்கள். கொண்டை, கால், விரல் எல்லாமே கருத்திருக்க வேண்டும். செக்கச் செவேலென்ற கொண்டையோடு ஒருவர் கொண்டுவந்தால் பணத்தைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் சிவப்புதான். முட்டையும் கருப்பு இல்லை, வெளிர் பழுப்பு. கருப்பு முட்டை என்று விற்றால் அது கதை. முக்கியமாக, கடக்நாத் சரியாக அடை உட்காராது. அதன் முட்டையைச் சிறுவிடையின் வயிற்றுக்கடியில் வைப்பதுதான் வழக்கம்.

அடைக்கு நிகர் சிறுவிடைதான் என்பது என் அபிப்பிராயம். எடை குறைவு என்பதால் முட்டை உடைவதில்லை, பருந்து நிழல் தெரிந்தாலே குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். அசிலும் விடாப்பிடியாக உட்காரும், ஆனால் கோபக்காரத் தாய். பக்கத்துக் கோழியின் குஞ்சு தப்பி வந்தால் கொத்தியே கொன்றுவிடும். முதல்முறை உட்காரும் வெடைக்கோழியை நம்பி விலை உயர்ந்த முட்டையை வைக்காதீர்கள். பாதியில் எழுந்து போனாலும் போகும்.

குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்றால் அடையைத் தெளிய வைக்கலாம். இதற்கு ஊரில் நடக்கும் வைத்தியங்கள் கொடுமை. மூக்கில் இறகைச் செருகுகிறார்கள். காலைக் கட்டி வெயிலில் போடுகிறார்கள். கிணற்றுத் தண்ணீரில் முக்கி முக்கி எடுக்கிறார்கள். வயிற்றுச் சூடு தணிந்தால் அடை தெளியும் என்ற கணக்கு சரி, முறைதான் தப்பு. மூக்கில் செருகிய இறகு புண்ணாகிச் சளி பிடித்து வரும் கோழிக்கு நான் மருந்து எழுத வேண்டியிருக்கிறது. கம்பிவலை அடியுள்ள கூண்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். உள்ளே வைக்கோல், சாக்கு எதுவும் வேண்டாம். நிழல், வெளிச்சம், தீனி, தண்ணீர் இருக்கட்டும். அடியில் காற்று ஓடி வயிறு ஆறும். மூன்று நாலு நாளில் இறக்கிவிட்டுப் பாருங்கள். மற்ற கோழிகளோடு மேயப் போனால் தெளிந்தது. நேராகக் கூடைக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள். மறுபடி முட்டை வைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அவசரப்படக் கூடாது.

அடை வைப்பதென்றால் முட்டையிலிருந்து தொடங்க வேண்டும். சேவல் இல்லாத வீட்டு முட்டையும், கடை முட்டையும் பொரிக்காது. ஆச்சரியமாக இருக்கும், ஆனால் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டை எடுங்கள். கத்திரி வெயிலில் நாலைந்து நாள்தான் கணக்கு. சூடான அறையில் கிடக்கும் முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும், அப்புறம் கோழியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஈரமணல் போட்ட மண்சட்டியில், கூர்முனை கீழே இருக்க, நிழலில் வையுங்கள். கழுவ வேண்டாம். சிறுவிடைக்கு ஒன்பது பத்து முட்டை போதும். எல்லாவற்றையும் ஒரே நாள், இருட்டிய பிறகு வையுங்கள். பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டால், நடுவில் வேறு கோழி வந்து இட்டுப்போகும் முட்டை தெரிந்துவிடும். கூடையில் இரும்புத்துண்டு, கரி, மிளகாய் வைப்பது உங்கள் விருப்பம். ஏழாம் நாள் இரவில் செல்போன் டார்ச்சை வைத்துப் பார்த்தால் உயிருள்ள முட்டையில் சிவப்பு நரம்பு படர்ந்திருக்கும். வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் கூமுட்டை, எடுத்துவிடலாம். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கையே வைக்காதீர்கள். இருபத்தொன்றில் பொரிக்கும். வாத்து, கின்னிக்கோழி முட்டை வைத்திருந்தால் நாலு வாரம்.

அடைக்காலத்தில் நான் பயப்படுவது செள்ளுக்கும் பேனுக்கும்தான். அடைக்கோழி மண் குளிப்பது குறைவு. பகலெல்லாம் ஒரே இடத்தில் சூடாக உட்கார்ந்திருப்பதால் செள்ளு பல்கிப் பெருகும். கொண்டை வெளுத்துக்கொண்டே போகும், ஒருநாள் காலையில் முட்டை மேலேயே செத்துக் கிடக்கும். ஆகவே அடை வைக்கும் முன்பே கூடையை நல்ல வெயிலில் காயப்போட்டுப் புதுத் தவிடோ வைக்கோலோ போடுங்கள். இறங்கும் இடத்தில் சாம்பலும் மணலும் கலந்து வையுங்கள். கழுத்திலும் ஆசனவாய்ப் பக்கமும் இறகைப் பிரித்துப் பாருங்கள். ஏற்கெனவே ஏறிவிட்டால், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலக்கித் தெளிக்காதீர்கள், அதில் கோழியும் சாகும், கருவும் சாகும். கோழிக்கென்று உள்ள மருந்தை அளவு கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகத் தடுப்பூசி. வீட்டில் பொரிந்த குஞ்சு பொரிப்பகத்துக் குஞ்சைவிடத் திடம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். கோழிக்கழிச்சல் என்றும் சொல்லும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்தால் தாயும் குஞ்சும் சேர்ந்தே போகும். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நாலாம் வாரம் மறுபடி ஒரு சொட்டு, எட்டாம் வாரம் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் கோழிக்கழிச்சல் முகாமில் பெரிய கோழிகளுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முட்டை வைக்கும் முன்பே தாய்க்குப் போட்டிருந்தால் எதிர்ப்புச் சக்தி மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்கும் கொஞ்ச நாள் இருக்கும். சிக்கல் என்னவென்றால், நூறு கோழிக்கான குப்பியைப் பத்துக் குஞ்சுக்காகத் திறக்க வேண்டும், கலக்கிய மருந்தை ஓரிரு மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். அதனால் தெருவில் நாலைந்து வீட்டார் பேசி வைத்து, ஒரே வாரத்தில் அடை வையுங்கள். குஞ்சுகள் சேர்ந்தே பொரிக்கும், ஒரு குப்பி எல்லோருக்கும் ஆகும். மருந்தகத்துக்கு வரும்போது ஐஸ் போட்ட பிளாஸ்க் ஒன்று கொண்டு வாருங்கள்.