ஸ்காட்லாந்தில் ஓட்டு திரும்பி வந்தால் யாருடைய இடம் போகும்?

“பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலில் லேபர் கட்சிக்கு 2015-இல் ஸ்காட்லாந்தில் ஒரே ஒரு இடம், 2024-இல் 37 இடங்கள். லேபர் கட்சியை விட்டுப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்களா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஓட்டு ஓரளவுக்கு வந்தது. இடங்களை வாரிக் கொடுத்தது தேர்தல் முறை.

முன்கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தனி நாடு வேண்டுமா என்று 2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்து மக்களிடம் கேட்டார்கள். 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். லேபர் கட்சியும் ‘வேண்டாம்’ பக்கம்தான், அதுவும் கன்சர்வேட்டிவ் கட்சியோடு கைகோத்துக்கொண்டு. ஆனால் லேபரின் கோட்டையான கிளாஸ்கோ நகரம் ‘வேண்டும்’ என்று வாக்களித்திருந்தது. அடுத்த மே மாதம் லண்டன் நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் வந்தபோது, ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56, தனி நாடு கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு, அதாவது எஸ்.என்.பி.க்குப் போயின. லேபருக்கு 24 சதவீத ஓட்டு கிடைத்தும் ஒரே இடம். 2024-இல் அதே லேபர் 35 சதவீதம் வாங்கி, 57-இல் 37 இடங்களைப் பிடித்தது. நம்மூரைப் போலவே அதிக ஓட்டு வாங்கியவருக்குத் தொகுதி என்பதால், 11 புள்ளி ஏற்றம் 36 இடங்களாகப் பெருகிவிட்டது.

சரி, அந்த 11 புள்ளியும் திரும்பி வந்தவர்கள்தானா? மொத்த எண்ணிக்கையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 2019-இல் 68 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 2024-இல் 60-ஐக் கூடத் தொடவில்லை. எஸ்.என்.பி.காரர் ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டாலும் லேபரின் சதவீதம் ஏறும். உண்மை தெரிய வேண்டுமானால் அதே ஆட்களிடம் ஒவ்வொரு தேர்தலிலும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். “போன தடவை யாருக்குப் போட்டீர்கள்?” என்று பல வருடம் கழித்துக் கேட்டால் பலர் மாற்றிச் சொல்வார்கள், பொய் சொல்வதில்லை, மறந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் 1964 முதல் பல்கலைக்கழகங்கள் தேர்தல் ஆய்வு நடத்திவருகின்றன. இதற்கெல்லாம் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. நம் டி.வி.யிலோ, கட்டம் போட்டு அடுத்த முதல்வரைச் சொல்பவருக்கு முழுசாக ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். எனக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கென்று தனி நாடாளுமன்றம் இருக்கிறது, ஹோலிரூட் என்பார்கள். அங்கே 129 இடங்கள். வாக்குச்சாவடியில் ஒருவருக்கு இரண்டு சீட்டுகள் தருவார்கள். இளம் ஊதாச் சீட்டு தொகுதி வேட்பாளருக்கு. அதில் 73 பேர் வருவார்கள். பீச் பழ நிறச் சீட்டு கட்சிப் பட்டியலுக்கு. 8 மண்டலங்கள், மண்டலத்துக்கு 7 பேர் என்று 56 பேர்.

பட்டியல் இடங்களைப் பங்கிடும் முறைக்குப் பெல்ஜியத்தின் விக்டர் டோன்ட் பெயர். ஒரு கட்சி அந்த மண்டலத்தில் வாங்கிய பட்டியல் ஓட்டை, அது ஏற்கெனவே வென்ற இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும். பெரிய ஈவு யாருக்கோ அவருக்கு ஓர் இடம். அந்தக் கட்சிக்கு வகுக்கும் எண்ணை ஒன்று கூட்டிவிட்டு, அடுத்த இடத்துக்கு மறுபடி ஒப்பிட வேண்டும். இலையில் எத்தனை வடை இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததை வைக்கும் பந்தி பரிமாறுபவர் மாதிரி. தொகுதியில் ஜெயித்ததும் ‘ஏற்கெனவே வென்றதில்’ சேரும் என்பதுதான் சூட்சுமம்.

2016 ஹோலிரூட் தேர்தலில் கிளாஸ்கோ மண்டலத்தைப் பாருங்கள். 9 தொகுதிகளும் எஸ்.என்.பி.க்கு. பட்டியல் ஓட்டு: எஸ்.என்.பி. 1,11,101, லேபர் 59,151, கன்சர்வேட்டிவ் 29,533, பசுமைக் கட்சி 23,398. எஸ்.என்.பி.யின் ஓட்டை எடுத்த எடுப்பிலேயே 10-ஆல் வகுக்கிறார்கள்: 11,110. லேபருக்குத் தொகுதி எதுவும் இல்லாததால் 1-இல் தொடங்கி 59,151, அப்புறம் 29,575, 19,717, 14,787. ஏழு இடங்களும் முடிந்தபோது லேபருக்கு 4, கன்சர்வேட்டிவுக்கு 2, பசுமைக் கட்சிக்கு 1. கடைசி இடம் கன்சர்வேட்டிவின் 14,766 என்ற ஈவுக்குக் கிடைத்தது. எஸ்.என்.பி.க்குப் பட்டியலில் ஒன்றுமில்லை.

இப்போது பட்டியல் ஓட்டு அப்படியே இருக்க, லேபர் அரும்பாடுபட்டு ஒரு தொகுதியை எஸ்.என்.பி.யிடமிருந்து மீட்டதாக வைத்துக்கொள்வோம். லேபர் இனி 2-இல் தொடங்கும், எஸ்.என்.பி. 9-இல். கடைசி இடத்துக்கான போட்டியில் எஸ்.என்.பி.யின் ஈவு 12,344; லேபருடையது 11,830. அந்த இடம் எஸ்.என்.பி.க்கு! லேபர் 1+3, எஸ்.என்.பி. 8+1. மொத்தம் பழையபடி 4-ம் 9-ம்தான். இரண்டு, மூன்று, நான்கு தொகுதிகளை மீட்டாலும் இதே கதை. காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

மாறாக, தொகுதியை விட்டுவிட்டுப் பட்டியலில் எஸ்.என்.பி.யின் ஓட்டில் 14,700-ஐ லேபர் இழுத்தால் அதற்கு ஐந்தாவது இடம் வரும். ஆனால் அது எஸ்.என்.பி.யின் இடமல்ல. தொகுதிகளில் வென்ற 9 அவர்களிடமே பத்திரமாக இருக்கும். ஓர் இடத்தை இழப்பது, இந்த இழுபறியில் சம்பந்தமே இல்லாத கன்சர்வேட்டிவ்.

2021-இல் எஸ்.என்.பி. 62 தொகுதிகளை வென்றதால், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டியல் ஓட்டுக்கு அதற்குக் கிடைத்தவை 2 இடங்கள். அதில் பாதி கூட வாங்காத லேபருக்குப் பட்டியலில் 20. விதியிலுள்ள இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எஸ்.என்.பி.யின் முன்னாள் தலைவர் அலெக்ஸ் சால்மண்ட், ஆல்பா என்ற புதுக் கட்சியோடு பட்டியலில் மட்டும் போட்டியிட்டார். கணக்கில் பிழையில்லை. ஆனால் ஈவு வருவதற்கு முதலில் ஓட்டு வேண்டும், 1.7 சதவீதம்தான் விழுந்தது, ஓர் இடமும் தேறவில்லை.